சொந்தமாகக் கட்டிய காரைக் காயலான் கடை ஏபிஎஸ் காப்பாற்றுமா?

ஒசூரிலிருந்து பெங்களூரு போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டு எல்லைக்குள் கடைசியாக வருவது ஜூஜுவாடி. சோதனைச்சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இந்த எல்லையோரம் வாகனத் தொழிலின் பூமியாகிவிட்டது. 1980-ல் டிவிஎஸ் 50 மொபெட் ஒசூரிலிருந்துதான் வெளிவந்தது. அசோக் லேலண்டின் ஒசூர் ஆலையும் அதே ஆண்டில் தொடங்கியது. இன்று ஏத்தரின் மின்ஸ்கூட்டர் ஒசூரிலும் ஓலாவின் மின்ஸ்கூட்டர் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியிலும் உருவாகின்றன. பெரிய ஆலைகளை நம்பி லேத், சிஎன்சி, வயர்கட், வயரிங் வேலை செய்யும் சிறு பட்டறைகள் நெருக்கமாக வளர்ந்திருக்கின்றன. குழாய் வெட்டிச் சேசிஸ் வெல்டிங் செய்வது முதல் ஹப் கடைந்து தருவது வரை ஒரு காருக்கு வேண்டிய வேலை எதற்கும் இங்கே ஆள் உண்டு. அதனால் பொறியியல் கல்லூரி மாணவர்களின் பந்தயக் காரோ, பழைய ஜீப்பில் மின்மோட்டார் பொருத்தும் முயற்சியோ, பாகங்களை வாங்கிக் கோத்துக் கட்டும் கிட் காரோ, எதுவானாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்து நிற்கும்: பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், வேகம் கூட்டும்போது சக்கரம் வீணாகச் சுழலாமல் தடுக்கும் இழுவைக் கட்டுப்பாடும் இதில் சேர்த்துவிடலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ஜின் அல்லது மோட்டார் வழியாக இயங்கும் இழுவைக் கட்டுப்பாட்டைக் கவனமுள்ள ஒரு பட்டறை சேர்த்துவிட முடியும். அது தவறினாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை. ஏபிஎஸ் அப்படிப்பட்டதல்ல. அது ஒரு குறிப்பிட்ட வண்டியின் எடை, டயர், டிஸ்க், சக்கர இடைவெளி ஆகியவற்றுக்காகவே அளவிட்டு அமைக்கப்பட்ட ஒரு கணக்கு. அந்தக் கணக்கை வேறொரு வண்டிக்குள் கொண்டுபோய் வைத்தால் ஏபிஎஸ் பெட்டி வேலை செய்யும், எச்சரிக்கை விளக்கும் அணையும், கணக்கு மட்டும் தப்பாக இருக்கும். அதற்காக, சொந்தமாகக் கட்டும் வண்டிக்கு ஏபிஎஸ்ஸே வேண்டாம் என்று கைகழுவிவிடவும் கூடாது. சரியாகச் சேர்க்க வழி இருக்கிறது. அந்த வழியைத் திறந்துவிடத்தான் நம் நாட்டில் சட்டமும் சோதனைக்களமும் இன்னும் முன்வரவில்லை.

ஏபிஎஸ் ஒன்றும் நேற்று வந்ததல்ல. விமானம் ஈர ஓடுபாதையில் இறங்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க 1950-களில் டன்லப் நிறுவனம் மேக்ஸரெட் என்ற இயந்திரக் கருவியைச் செய்தது. 1966-ல் ஜென்சன் எஃப்எஃப் என்ற பிரிட்டிஷ் கார் அதையே தரைக்குக் கொண்டுவந்தது. மின்னணுக் கணிப்போடு நாலு சக்கரத்தையும் தனித்தனியே கவனிக்கும் முறையை பாஷ் நிறுவனம் 1978-ல் மெர்சிடிஸ் எஸ் வகுப்பில் வைத்தது; 1988-ல் பிஎம்டபிள்யூ கே100 வழியாக மின்னணு ஏபிஎஸ் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. இந்தியாவில் 2011-ல் அப்பாச்சி ஆர்டிஆர் 180-ல் ஏபிஎஸ் வைத்து விற்றது ஒசூரின் டிவிஎஸ். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல் இருசக்கர வண்டிகளுக்கும் புதிய மாடல் கார்களுக்கும் 2018 ஏப்ரலிலிருந்து அது கட்டாயமானது. ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு ஓராண்டு கழித்து. இவ்வளவு பழகிப்போன ஒன்றை ஒரு பட்டறையால் பொருத்த முடியாதா என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது.

பொருத்துவதில் சிரமமில்லை என்பதுதான் உண்மையான சிக்கல். காயலான் கடையில், சென்னை புதுப்பேட்டையிலோ பெங்களூரிலோ, விபத்தில் நொறுங்கிய ஹேட்ச்பேக்கின் ஏபிஎஸ் பெட்டி கிடைக்கும். அதற்குள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு வால்வு. ஒன்று சாதாரணமாகத் திறந்திருக்கும். பெடல் தரும் அழுத்தம் அதன் வழியே சக்கரத்துக்குப் போகும். மற்றொன்று மூடியிருக்கும், சக்கரம் பூட்டப்போகிறது என்று தெரிந்தால் முதலாவது மூடி, இரண்டாவது திறந்து, பிரேக் ஆயில் வெளியேறி அழுத்தம் குறையும். வெளியேறிய ஆயிலை ஒரு சிறு பம்ப் திருப்பி அனுப்பும். நொடிக்குப் பத்துத் தடவை அளவில் நடக்கும் இந்த வேலையைத்தான் காலடியில் பெடலின் துடிப்பாக உணர்கிறோம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிப்படை ஏபிஎஸ் பெட்டியால் அழுத்தத்தைக் குறைக்க முடியும், மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியும். ஓட்டுநர் கால் கொடுத்ததற்கு மேல் ஒரு துளியும் கூட்ட முடியாது. பிரேக் பலவீனமான வண்டிக்கு ஏபிஎஸ் எந்த உதவியும் செய்யாது. ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளில் மாணவர்கள் கட்டிய காரின் பிரேக்கை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்த்தால் இது விளங்கும்: ஓடவிட்டு, பெடலை மிதிக்கச் சொல்லி, நாலு சக்கரமும் பூட்டுகின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள். பூட்டும் அளவுக்குப் பலமும் சரியான பங்கீடும் இருந்தால்தான் பூட்டாமல் தடுப்பதைப் பற்றிப் பேச முடியும்.

பங்கீடு என்றேனே, பெரும்பாலான கிட் கார் கனவுகள் தடுக்கி விழும் இடம் அதுதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாகம் கொடுத்த ஹேட்ச்பேக் 900 கிலோ, முன்சக்கர இழுவை, எடையில் 62 விழுக்காடு முன்னால், சக்கர இடைவெளி 2.43 மீட்டர், எடை மையத்தின் உயரம் 53 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தின் 0.9 பங்கு அளவுக்கு அழுத்தி பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து முன்னால் சுமார் 177 கிலோ சாய்கிறது. அந்த நொடியில் முன்சக்கரங்கள் தாங்குவது 82 விழுக்காடு, பின்சக்கரங்கள் 18. இப்போது அதே காரின் பிரேக்குகளைக் கொண்டு 700 கிலோவில், எடை முன்னும் பின்னும் சமமாக, 2.3 மீட்டர் இடைவெளியில், எடை மையம் 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு தாழ்ந்த கார் கட்டினால், அதே பிரேக்கில் சாய்வது 123 கிலோ. பங்கீடு 68-க்கு 32. 82-க்கு 18 என்று அளவெடுத்த பிரேக்கை 68-க்கு 32 கேட்கும் காரில் மாட்டினால் முன்சக்கரம் சீக்கிரமே பூட்டும், பின்சக்கரத்தின் பிடிப்பு பாதி வீணாகும். ஏபிஎஸ் இல்லாவிட்டால் இந்தக் குறை முதல் ஓட்டத்திலேயே டயர் கிறீச்சிட்டுத் தெரிந்துவிடும். ஏபிஎஸ் இருந்தால் முன்சக்கரங்களில் துடித்துக்கொண்டே அது குறையை மறைக்கும். வண்டி நேராகவும் நிற்கும், ஆனால் நிற்க வேண்டிய தூரத்தைவிட அதிகம் எடுத்து நிற்கும். கட்டியவர் வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்வார். அதே ஹேட்ச்பேக்கின் என்ஜினையும் கியர்பாக்ஸையும் பின்னால் தள்ளிக் கட்டினால் பங்கீடு இன்னும் மாறும். பின்சக்கரங்களின் பங்கு 40 விழுக்காட்டை நெருங்கும்.

அடுத்தது குழாய் இணைப்பு. முன்சக்கர இழுவைச் சிறு கார்களில் பிரேக் சுற்று குறுக்காக ஓடும்: இடது முன், வலது பின் ஒரு சுற்று, வலது முன், இடது பின் இன்னொன்று. சொந்தமாகக் கட்டுபவர்கள் விரும்புவது முன்னுக்கு ஒரு மாஸ்டர் சிலிண்டர், பின்னுக்கு ஒன்று, நடுவே பங்கீட்டைத் திருகிச் சரிசெய்யும் தண்டு. குறுக்குச் சுற்றுக்காகச் செய்த பெட்டியை முன்பின் சுற்றில் மாட்டினால் உள்ளிருக்கும் கணிப்பு ஒன்றை எதிர்பார்க்கும், குழாய் வேறொன்றைச் செய்யும். பெட்டி பழையதென்றால் ஈரம் உறிஞ்சிய பிரேக் ஆயில் வால்வுகளை அரித்திருக்கலாம். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வால்வுகளைத் திறந்து மூடச் சொல்லும் ஸ்கேனர் பல பெட்டிகளுக்கு வேண்டும். பெடலை மிதித்து மிதித்து பிளீடிங் செய்வது அங்கே போதாது.

எல்லாவற்றிலும் நுட்பமான இடம் சக்கர வேக சென்சார். ஹப்பில் ஒரு பல்வளையம் சுழல்கிறது. அதற்கு ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் சென்சார் நிற்கிறது. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு துடிப்பு. வளையத்தில் 48 பல், டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் என்றால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 267 துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் வண்டி நகர்வது 3.75 சென்டிமீட்டர். ஜூஜுவாடியின் எந்த வயர்கட் பட்டறையும் இப்படியொரு வளையத்தை அழகாக வெட்டித் தரும். ஆனால் பின் ஹப்பில் இடம் போதாமல் 43 பல் வளையம் வெட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் கணக்கில் பின்சக்கரங்கள் எப்போதும் 10 விழுக்காட்டுக்கு மேல் மெதுவாகச் சுழல்கின்றன. டயர் சாலையை இறுகப் பிடிப்பது 10 முதல் 20 விழுக்காடு சறுக்கலில்தான். அதாவது வண்டி 10 மீட்டர் நகரும்போது சக்கரம் எட்டரை மீட்டர் அளவுக்குச் சுழல்வது போன்ற நிலையில். சறுக்கலே இல்லாத சக்கரத்தைச் சறுக்கலின் வாசலில் நிற்பதாகப் பெட்டி நினைக்கும். பெடலைத் தொட்டதும் பின் பிரேக்கைத் தளர்த்தத் தொடங்கும். பெட்டி நுணுக்கமானதாக இருந்தால் இந்தப் பொருத்தமின்மையைக் கண்டு எச்சரிக்கை விளக்கைப் போட்டுத் தானே ஒதுங்கிக்கொள்ளும். அது நல்ல முடிவு. ஒதுங்காமல் வேலை செய்வதுதான் பயங்கரம். முன்னும் பின்னும் வேறுவேறு சுற்றளவுள்ள டயர் போட்டாலும் இதே கதைதான்.

இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு இது: ஏபிஎஸ் பழுதானால் சாதாரண பிரேக்காக மாறிவிடும் என்றுதானே எல்லா உற்பத்தியாளரும் சொல்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டுமே? உண்மைதான், பழுதானதை உணர்ந்தால் அப்படி மாறும். ஆனால் மேலே சொன்ன எடைக் கணக்கின் பிழையைப் பெட்டி பழுதாகப் பார்ப்பதில்லை. அதன் பார்வையில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. மேலும், இன்றைய கார்களில் பின்சக்கர அழுத்தத்தைப் பங்கிடும் வேலையும் ஏபிஎஸ் பெட்டியிடமே இருக்கிறது. பழைய கார்களில் அதைச் செய்த தனி வால்வு இல்லை. பெட்டி முழுவதுமாக ஒதுங்கினால் பங்கீடும் போகும். அப்போது பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி சுழன்றுவிடும் ஆபத்து வருகிறது. ஆகவே ஏபிஎஸ் இல்லாமலேயே பங்கீடு சரியாக இருக்கும்படி கட்டி முடித்த வண்டியில் மட்டுமே ஏபிஎஸ்ஸைப் பற்றி யோசிக்கலாம் என்பது என் துணிபு.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. கை தேர்ந்த ஓட்டுநருக்கு ஏபிஎஸ் எதற்கு, பிரிட்டனின் காட்டர்ஹாம் செவன் ஏபிஎஸ் இல்லாமல்தானே ஓடுகிறது, கோவையில் கரிவரதன் மாருதி என்ஜினைக் கொண்டு கட்டிய பந்தயக் கார்களும் அப்படித்தானே ஓடின என்பார்கள். பந்தயத் தடத்துக்கு இந்த வாதம் பொருந்தும். அங்கே தளம் ஒரே மாதிரி, எதிரே லாரி வராது. 44ஆம் எண் சாலை அப்படியல்ல. ஓரத்தில் மணல், நடுவில் தார், மழை பெய்தால் லாரிகள் சிந்திய டீசல் மிதக்கும். இடதுபக்கச் சக்கரங்கள் மணலிலும் வலதுபக்கச் சக்கரங்கள் தாரிலும் இருக்கும்போது எவ்வளவு தேர்ந்த ஓட்டுநருக்கும் இருப்பது ஒரே ஒரு பெடல்தான், ஏபிஎஸ்ஸுக்கு நாலு. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஈர்ப்பு முடுக்கத்தின் 0.8 பங்கு வேகத்தணிப்பு கிடைத்தால் வண்டி 18 மீட்டருக்குள் நிற்கும். சக்கரம் பூட்டிச் சறுக்கி 0.6 பங்குதான் கிடைத்தால் சுமார் 24 மீட்டர். அந்த 6 மீட்டரைவிடப் பெரிய இழப்பு, பூட்டிய முன்சக்கரத்தோடு ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது என்பதே.

மூன்றாவது மறுப்பு புள்ளிவிவரத்தோடு வருவதால் அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், கார்களில் ஏபிஎஸ்ஸால் உயிரிழப்பு விபத்துகளின் மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய குறையவே இல்லை. உயிரிழப்பில்லாத விபத்துகள் 6 விழுக்காடு குறைந்தன. 1980-களில் மியூனிக் நகர டாக்சிகளை வைத்து நடத்திய புகழ்பெற்ற ஆய்வில், ஏபிஎஸ் உள்ள டாக்சி ஓட்டுநர்கள் கூடுதல் துணிச்சலோடு ஓட்டியது தெரிந்தது. அப்படியானால் இவ்வளவு பாடு எதற்கு? மோட்டார் சைக்கிளைப் பார்த்தால் விடை மாறுகிறது. அமெரிக்கக் காப்பீட்டு ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் ஏபிஎஸ் உள்ள மோட்டார் சைக்கிள்களின் உயிரிழப்பு விபத்து விகிதம் 22 விழுக்காடு குறைவு. வண்டி எந்த அளவுக்கு நிலைகுலையக் கூடியதோ அந்த அளவுக்கு ஏபிஎஸ்ஸின் பயனும் அதிகம் என்று இதை நான் படிக்கிறேன். எடை குறைந்த, சக்கர இடைவெளி சிறிய, தொழிற்சாலைச் சோதனை எதுவும் காணாத கிட் கார், நிலைகுலைவதில் செடான் காரைவிட ஒரு படி மோசமானது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர்; தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இந்த எண்களுக்கு முன்னால் சிறு பயனையும் தள்ளிவிட மனம் வராது. அதே சமயம், ஏபிஎஸ் தீர்க்காததும் உண்டு: தருமபுரி தொப்பூர் இறக்கத்தில் நீண்ட நேரம் மிதித்துச் சூடேறிய பிரேக் பிடிக்காமல் போவதற்கும் சக்கரம் பூட்டுவதற்கும் சம்பந்தமில்லை.

இழுவைக் கட்டுப்பாட்டுக்கு வந்தால் பாதை எளிதாகிறது. வேகம் கூட்டும்போது இழுக்கும் சக்கரம் வண்டியைவிட வேகமாகச் சுழன்றால் விசையைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு இரண்டு வழி. சுழலும் சக்கரத்தில் பிரேக் பிடிப்பது ஒன்று. அதற்குப் பெடலை மிதிக்காமலே அழுத்தம் உண்டாக்கும் பம்பும் கூடுதல் வால்வும் வேண்டும், ஆகவே அது ஏபிஎஸ்ஸைவிடக் கடினம். என்ஜின் விசையைக் குறைப்பது மற்றொன்று. நாலு சக்கர வேகத்தையும் படிக்கும் நிரல் எழுதக்கூடிய ஓர் இசியூ (என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி), இக்னிஷன் நேரத்தைத் தள்ளியும் எரிபொருளை நிறுத்தியும் இதைச் செய்யும். எரிபொருளை விட்டுவிட்டுத் தீப்பொறியை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதைப் பாழாக்கும். அதைத்தான் கவனிக்க வேண்டும். இந்த அமைப்பு தவறினால் வண்டி கொஞ்சம் இழுவையில்லாமல் போகும், நிற்காமல் போகாது. மின்மோட்டாரில் இது இன்னும் சுலபம், காரணம் மோட்டாரின் விசையைக் கன்ட்ரோலர் மில்லிநொடிகளில் மாற்றும். ஏத்தர் 2025 ஜனவரியில் 450 வரிசையில் மழை, சாலை, கரடுமுரடு என்று மூன்று நிலை இழுவைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அந்த ஸ்கூட்டர்களில் அப்போது இருந்தது கூட்டு பிரேக்தான், ஏபிஎஸ் இல்லை. ஒன்று இல்லாமல் மற்றொன்று சாத்தியம் என்பதற்கு ஒசூரிலேயே கிடைத்த சான்று இது. மின்வண்டி கட்டுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டாரே பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். ஏபிஎஸ் ஆயில் அழுத்தத்தைத் தளர்த்தினாலும் மோட்டாரின் பிடி தளராவிட்டால் சக்கரம் விடுபடாது. இரண்டும் ஒன்றோடொன்று பேசும்படி அமைக்கத் தெரியாவிட்டால் மோட்டாரின் பிரேக்கை மிகக் குறைவாக வைப்பதே மேல்.

சரியாக ஏபிஎஸ் சேர்க்கும் வழி எது? ஒன்று, ஒரே காரின் ஹப், சென்சார், வளையம், டயர் அளவு, மாஸ்டர் சிலிண்டர், பெட்டி, வயரிங் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து, எடையும் சக்கர இடைவெளியும் அந்தக் காருக்கு நெருக்கமாக இருக்கும்படி புதிய வண்டியை வடிவமைப்பது. அப்போதும் என்ஜின் இசியூவிலிருந்து வர வேண்டிய செய்திகள் வராவிட்டால் பெட்டி உறங்கிவிடும். இரண்டாவது, பந்தயக் கார்களுக்கென்றே பாஷ் விற்கும், ஓட்டுநர் திருகி நிலை மாற்றிக்கொள்ளக்கூடிய ஏபிஎஸ் தொகுப்பு. விலை ஒரு நல்ல பழைய காரின் விலையைத் தாண்டும். எந்த வழியானாலும் பிடிப்பு வேறுபடும் தளங்களில் ஓட்டிச் சோதித்தாக வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் பீதாம்பூரில் உள்ள நேட்ராக்ஸ் களத்தில் அப்படிப்பட்ட பிரேக் தடம் இருக்கிறது. ஒசூர்க்காரருக்கு அருகில் இருப்பது சென்னையை அடுத்த ஒரகடத்தின் ஜிஏஆர்சி வாகன ஆய்வு மையம். இவை ஆலைகளுக்காக அமைந்தவை. தனி ஆளுக்கு அங்கே கதவு எளிதில் திறப்பதில்லை.

கடைசி மறுப்பு சட்டத்தின் பெயரால் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாக உறுதிசெய்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதி, முன்மாதிரி வண்டி அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் தேற வேண்டும் என்கிறது. தனி ஒருவர் கட்டும் ஒரே ஒரு வண்டிக்கு இவற்றில் இடமில்லை. ஆகவே இந்தப் பேச்சே வீண் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. சிஎன்ஜி கிட்டுக்கு வழி இருக்கிறது. பழைய வண்டியை மின்வண்டியாக்கும் கிட்டுக்கு ஏஐஎஸ் 123 என்ற தரநிலை இருக்கிறது: கிட்டைச் சோதித்து ஒப்புதல் பெற்று, அங்கீகாரம் பெற்றவர் பொருத்தலாம். பிரிட்டனில் தனி வாகன ஒப்புதல் என்ற பெயரில் ஒவ்வொரு கிட் காரையும் ஆய்வு செய்து பதிவு செய்கிறார்கள். எரிபொருளையே மாற்ற வழி விட்ட சட்டம், பிரேக்கைப் பாதுகாப்பாக்க வழி விடாமலிருக்க நியாயமில்லை.

ஆகவே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு அரசுக்கும் ஒரு வேண்டுகோள்: ஏஐஎஸ் 123 போலவே பிரேக் கிட்டுகளுக்கும் ஒரு தரநிலை கொண்டுவாருங்கள், ஒரகடத்தில் மாதம் ஒரு நாளாவது கல்லூரிகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் கட்டணத்தோடு களத்தைத் திறந்துவிடுங்கள். அது வரும்வரை, ஜூஜுவாடியில் வண்டி கட்டும் நண்பர்கள் பங்கீட்டைச் சரியாகக் கணக்கிட்டு, நல்ல டயரும் தரமான டிஸ்க்கும் போட்டு, இழுவைக் கட்டுப்பாட்டோடு நின்றுகொள்ளட்டும். காயலான் கடை ஏபிஎஸ் பெட்டியோடு யாரும் நெடுஞ்சாலையில் இறங்க வேண்டாம்.